எலும்பு முறிவு: முதலுதவியும் வீட்டுப் பராமரிப்பும்

எலும்பு தன் தாங்கும் திறனை மீறிய விசைக்கு உட்படும்போது விரிசல் விடுகிறது அல்லது முறிகிறது. முதுகுளத்தூர் போன்ற ஊர்ப்புறங்களில் பனை ஏறும்போது தவறி விழுதல், இருசக்கர வாகன விபத்து, முதியோர் வழுக்கி விழுதல் ஆகியவற்றால் இது நேரிடுகிறது. புண்ணுடன் கூடியது திறந்த முறிவு. இதில் கிருமித்தொற்று எலும்பு வரை பரவக்கூடும்.

கடும் வலி, வீக்கம், உருவமாற்றம் ஆகியவை அறிகுறிகள். விரலை அசைக்க முடிவதாலேயே முறிவு இல்லை என்று கருதலாகாது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலுதவி

• 108 ஆம்புலன்சை அழைக்கவும்.
• முறிந்த உறுப்பை நேராக்க முயலாமல், இருக்கும் நிலையிலேயே மேல், கீழ் மூட்டுகளையும் சேர்த்து மட்டை வைத்துக் கட்டவும். பனைமட்டையானால் கருக்கை நீக்கித் துணி சுற்றவும்.
• புண்ணைத் தூய துணியால் மூடவும். மண், மஞ்சள், காப்பித்தூள் இடக்கூடாது.
• வீக்கம் கூடுமுன் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றவும்.
• அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவோ பானமோ தரக்கூடாது.
• மரத்திலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அவரைத் தூக்கி உட்கார வைக்கலாகாது.

கட்டு இறுகினால்

முதல் சில நாட்கள் வீக்கம் கூடும். இறுகிய கட்டு வீக்கத்திற்கு இடம் தராததால் உள்ளே அழுத்தம் உயர்ந்து இரத்த ஓட்டம் தடைப்படும். ஏறத்தாழ 6 மணி நேரம் இந்நிலை நீடித்தால் தசைகள் மீளாப் பாதிப்படையும். உறுப்பையே இழக்க நேரிடலாம். மாவுக்கட்டிலும் இது நிகழலாம். எக்ஸ்-ரே பாராமல் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் நாட்டுக்கட்டில் ஆபத்து மிகுதி. எண்ணெய் தேய்த்து நீவுவதால் முறிந்த முனைகள் மேலும் விலகும்.

வலி தொடர்ந்து கூடுதல், விரல்கள் மரத்தல், குளிர்தல், நீலம் பாரித்தல், கட்டிலிருந்து துர்நாற்றம் வீசுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் பராமரிப்பு

• கட்டிட்ட உறுப்பைத் தலையணை மீது உயர்த்தி வைத்து, விரல்களை அடிக்கடி அசைக்கச் செய்யவும்.
• மாவுக்கட்டை நனைக்கவோ, அரிப்புக்காகக் குச்சியை உள்ளே நுழைக்கவோ கூடாது.
• கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், முட்டை, மீன் ஆகியவற்றை உணவில் சேர்க்கவும்.
• பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.
• கெண்டைக்கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், 108-ஐ அழைக்கவும்.

பெரியவர்களுக்குக் கை முறிவு கூட ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களும், கால் முறிவுக்கு 12 வாரங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். சிறுவர்களுக்கு விரைவில் கூடும்.

இடுப்பு முறிந்த முதியோரை வீட்டில் படுக்க வைத்திருந்தால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் தொற்றும் உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலானோருக்கு விரைவான அறுவை சிகிச்சையே மீண்டும் நடக்க வழிசெய்யும்.

அரசு உதவிகள்

முதுகுளத்தூர் அரசு மருத்துவமனையை முதலில் அணுகலாம். உயர் சிகிச்சைக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு, 2021-இல் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. வீடு திரும்பியபின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறை சிகிச்சை குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கவும்.