குட்டி யானையின் வயிற்றுக்குள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சரக்கு வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதை டன்னில் சொன்னால் மனதில் நிற்காது. மூட்டையில் சொல்ல வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, முக்கால் டன் வண்டி; 18 மூட்டை. 2011இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன், 31 மூட்டை.

இது காகிதக் கணக்கு. குறுவை அறுவடையில் மேகம் திரண்டுவிட்டால் எத்தனை மூட்டை ஏறுகிறது என்று வண்டிக்காரரிடம் கேட்காமல் இருப்பதே நாகரிகம்.

அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்வது அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை. பழைய வண்டிகளில் ஒரே தடிமனுள்ள பல பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வளையும். பாரம் இருந்தால் சரி. வெறும் வண்டியாகத் திரும்பும்போது இடுப்பை முறித்துவிடும். பின்னால் வந்த வண்டிகள் பலவற்றில், குறிப்பாக முன்பக்கத்தில், பட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. நடுவில் தடித்து, முனைக்குப் போகப்போக மெலியும் பட்டைகள் இவை. முனையிலிருந்து உள்ளே வரவர வளைக்கும் விசை தூரத்துக்கு ஏற்பக் கூடும். பட்டையின் வலுவோ தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி தடிமனைக் கூட்டிக்கொண்டு வந்தால், பட்டையின் ஒவ்வோர் அங்குலமும் ஒரே அளவு சிரமப்படும். சும்மா இருக்கும் இரும்பு என்று எதுவும் இல்லை. பரவளைவுப் பட்டை என்று இதற்குப் பெயர் வந்தது அதனால்தான். கழித்துப்போட்ட பழைய பட்டைகளும் வீணாவதில்லை. கொல்லுப்பட்டறையில் அரிவாளாகி வயலுக்கே திரும்புகின்றன.

இன்ஜினில் நடந்த மாற்றம் இதைவிடப் பெரியது. முதல் குட்டி யானையின் இரண்டு சிலிண்டர், 702 சிசி இன்ஜின், இண்டிகா காரின் 1405 சிசி இன்ஜினைப் பாதியாக்கிப் பிறந்தது. சுமார் 16 குதிரைத்திறன். எந்த மெக்கானிக்கும் ஸ்பானரோடு இறங்கிவிடலாம். தோஸ்த்தில் மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரயில். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைக் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் தேக்கி வைத்து, எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினி முடிவு செய்யும் ஏற்பாடு. துளி நுண்மையாகச் சிதறுவதால் எரிதல் முழுமையாகிறது, கரும்புகை குறைகிறது.

அதன் பிறகு வந்தது 2020 ஏப்ரல் 1. அன்று முதல் நாடு முழுதும் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆனது. புகைபோக்கிக்கு முன்னால் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரி உள்ளேயே சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால் அவ்வப்போது புகையின் சூட்டை ஏறக்குறைய 600 டிகிரிக்கு ஏற்றி, வண்டியே அந்தக் கரியை எரித்துவிடுகிறது.

டெல்டாவுக்குச் சிக்கல் இங்கேதான். களத்திலிருந்து கொள்முதல் நிலையம் பல ஊர்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர். வாய்க்கால் கரையில் ஊர்ந்து போய், வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நின்று, திரும்பி வரும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதே இல்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். மருந்து, திருச்சி நாற்கரச் சாலையில் வேகமாக ஒரு நீண்ட ஓட்டம். பாரத்துக்கு அஞ்சாத வண்டி குறுகிய தூரத்துக்கு அஞ்சுகிறது!

நெல்லை வெளியூருக்கு ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளுக்கு இன்னொரு தேவை: யூரியா. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த தூய நீரைப் புகையில் பீய்ச்சினால், சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடும். பயிருக்குப் போடும் அதே சேர்மம்தான். ஆனால் உர மூட்டையைக் கரைத்து ஊற்ற முடியாது; அதில் பூசியிருக்கும் வேப்பெண்ணெயும் மற்ற அழுக்கும் பீய்ச்சும் முனையையும் வினையூக்கியையும் கெடுத்துவிடும்.

குறுகிய ஓட்டத்துக்கு மின்சார வண்டி பொருத்தம் என்பது என் எண்ணம். எரிக்கக் கரியே இல்லை, வரிசையில் நிற்கும்போது இன்ஜினும் ஓடாது. 2022இல் அறிமுகமான ஏஸ் இவி 600 கிலோதான் சுமந்தது, 15 மூட்டை. 2024இல் ஒரு டன் சுமக்கும் வகையும் வந்துவிட்டது. இனி கேட்க வேண்டியது, கொள்முதல் நிலையத்துப் பக்கத்தில் சார்ஜ் போட இடம் உண்டா என்பதை.