‘ஃபைல் ஓபன் ஆகல’: புது வேர்டு வாங்காமலே திறக்க வழி உண்டு, கேட்டுப் பெற உரிமையும் உண்டு

சந்தை நாளென்றால் விருதுநகர் மாவட்டத்து வீரசோழன் கடைத்தெரு நெரிசலாகத்தான் இருக்கும். சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து ஆடு விற்கவும் சாமான் வாங்கவும் வந்தவர்கள், வந்த கையோடு மற்ற வேலைகளையும் முடித்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள். பட்டா நகல், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என்று ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நிற்கும். இப்படிப்பட்ட கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு.

“பாய், இந்த ஃபாரம் வாட்ஸ்அப்ல வந்துச்சு. ஓபன் ஆக மாட்டேங்குது. நாளைக்குள்ள நிரப்பி அனுப்பணுமாம்.”

“இது டாக்ஸ் ஃபைலும்மா. நம்ம சிஸ்டத்துல பழைய வேர்டுதான் இருக்கு. எழுத்தெல்லாம் குப்பையா வருது பாரு.”

இந்த இடத்தில் வழக்கமாக மூன்று யோசனைகள் சொல்லப்படும். புது மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கு. இல்லையென்றால் உரிமப் பூட்டை உடைத்த ‘கிராக்’ நகலைப் போட்டுக்கொள். இரண்டும் முடியாதென்றால் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பெரிய சென்டரில் திறந்து வா. முதல் யோசனை ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயைத் தின்னும். இரண்டாவது சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தும்கூட. மூன்றாவதில் ஒரு நாள் கூலி போகும். வானம் பார்த்த பூமியில் வாழ்கிற குடும்பத்துக்கு இந்த மூன்றுமே பாரம். உண்மையில் மூன்றுமே தேவையில்லை.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட் வேர்டின் 1997 முதல் 2003 வரையான பதிப்புகள் ‘டாக்’ என்ற வால் கொண்ட கோப்புகளை எழுதின. 2007 பதிப்பு வந்தபோது அந்த வாலில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து ஒன்று கூடியது. எக்ஸ்எம்எல் என்ற எழுத்து முறையைக் குறிக்கும் அந்த ஓர் எழுத்துக்குள் பெரிய மாற்றம் இருக்கிறது. பழைய டாக் கோப்பு, அந்த நிறுவனத்துக்கே உரிய இறுகிய கட்டு. புது டாக்ஸ் கோப்போ ஒரு பை. எழுத்து தனியாக, படம் தனியாக, பக்க அமைப்பு தனியாகப் பல சிறு கோப்புகளை ஒன்றாகச் சுருக்கி வைத்த ஜிப் பை அது.

இதை எவரும் கையால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு டாக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால், புரியாத குறிகளுக்கு முன்னால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே என்று இருக்கும். 1989-இல் ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. அடுத்து, அந்தக் கோப்பை ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள ‘டாக்ஸ்’ என்பதை ‘ஜிப்’ என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே ‘வேர்டு’ என்றொரு உறை தெரியும். அதற்குள் ‘டாகுமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை பிரவுசரில் திறந்தால் குறிச்சொற்களுக்கு நடுவே விண்ணப்பத்தின் வாசகங்கள் வரிசையாக வரும். படங்கள் ‘மீடியா’ என்ற உறையில் இருக்கும். எதுவுமே திறக்காத அவசரத்தில், கடைசித் தேதி என்ன, என்னென்ன சான்று கேட்கிறார்கள் என்பதையாவது இப்படிப் படித்துவிடலாம்.

இந்தப் பையின் அமைப்பு ரகசியமும் இல்லை. 2006 டிசம்பரில் எக்மா அமைப்பும், 2008-இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் இதைத் தரநிலையாக ஏற்றன. அந்த வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண முறை 2006-லேயே ஐஎஸ்ஓ தரநிலை ஆகிவிட்ட பிறகு இன்னொன்று எதற்கு, ஆறாயிரம் பக்க விவரக்குறிப்பை மற்றவர்கள் எப்படிப் பின்பற்றுவது என்றெல்லாம் அப்போது உலகெங்கும் வாதம் நடந்தது. எதிர்ப்பை மீறித் தரநிலை நிறைவேறியது. என்றாலும் விவரம் பொதுவில் வந்ததால் ஒரு நன்மை விளைந்தது. டாக்ஸ் கோப்பைத் திறக்கும் மென்பொருளை இன்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பலர் எழுதி, இலவசமாகவும் தருகிறார்கள்.

காசில்லாமல் திறக்கும் வழிகள்

முதல் வழி கையிலிருக்கும் ஃபோன். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் டாக்ஸ் செயலியிலேயே டாக்ஸ் கோப்பைத் திறந்து, நிரப்பி, அனுப்பலாம். மைக்ரோசாஃப்டின் வேர்டு செயலியும் 10.1 அங்குலத்துக்கு மேற்படாத திரையுள்ள கருவிகளில், பார்ப்பதற்கும் சாதாரணத் திருத்தத்துக்கும் இலவசம்தான். ஜெராக்ஸ் கடையின் பழைய கணினி திணறுகிற கோப்பு, கொண்டு வந்தவரின் சட்டைப்பையில் உள்ள ஃபோனில் திறந்துகொள்ளும்.

கணினியும் இணையமும் இருந்தால் பிரவுசர் வழியாகவே வேர்டை இலவசமாகப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் இடம் தருகிறது. ஒரு கணக்கு தொடங்கினால் போதும்.

இணையம் வந்து வந்து போகிற ஊர்களுக்கு ஏற்றது லிப்ரே ஆஃபிஸ். 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து கிளை பிரிந்து, டாகுமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கீழ் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. ஒருமுறை பதிவிறக்கி நிறுவிவிட்டால் பிறகு இணையம் வேண்டாம். டாக், டாக்ஸ், ஓடிஎஃப் மூன்றையும் திறக்கும், பிடிஎஃப் ஆகவும் மாற்றித் தரும். மெனுப் பட்டியல்களைத் தமிழிலேயே காட்டச் செய்யலாம். கணினி விண்டோஸ் 7 என்றால் 25.2 வரையான பதிப்புகளைத்தான் போட முடியும். அதற்கடுத்த 25.8 பதிப்பு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. பழைய பதிப்புகள் அந்த அமைப்பின் தளத்திலேயே கிடைக்கின்றன.

ஒன்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வேறு மென்பொருளில் திறக்கும்போது பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம். 2007-க்குப் பிறகு பல ஆண்டுகள் வேர்டின் இயல்பு எழுத்துருவாக இருந்தது காலிப்ரி. அது இல்லாத கணினியில், அதே அகலம் கொண்ட கார்லிட்டோ என்ற இலவச எழுத்துருவை லிப்ரே ஆஃபிஸ் பொருத்திக்கொள்ளும். அப்படியும் அட்டவணைக் கோடு, கையெழுத்திட விட்ட இடம் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அச்செடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

திறந்த பிறகும் படிக்க முடியவில்லையா?

தமிழ்நாட்டில் பல நேரம் குற்றவாளி வேர்டே இல்லை, எழுத்துரு. கோப்பு நன்றாகத்தான் திறந்திருக்கும். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும்.

அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில், டிடிபி கடைகளில் புழங்கிய பாமினி போன்றவை, ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள்தான் தெரியும். கோப்பைப் பொறுத்தவரை அதற்குள் தமிழே கிடையாது. எத்தனை ஆயிரம் கொடுத்துப் புது வேர்டு வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது.

இதற்குத்தான் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் தரும் ஒருங்குறி (யுனிகோடு). கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்து ஆணையிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருக் கோப்புகள் ஓயவில்லை. அப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரிடம் எந்த எழுத்துரு என்று முதலில் கேட்க வேண்டும். பெயர் தெரிந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் ஒருங்குறி மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

குறுக்கு வழியில் காத்திருக்கும் ஆபத்து

‘கிராக்’ போட்ட மென்பொருள் இலவசம் என்று தோன்றும். அதை இயக்கச் சொல்லும் முதல் படியே ஆன்டிவைரஸை நிறுத்து என்பதாக இருக்கும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறப்பதற்குச் சமம் அது. ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் நாள் முழுக்க வந்துபோகிற ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் இப்படி ஒரு தீநிரல் புகுந்தால், பாதிக்கப்படுவது கடைக்காரர் மட்டுமல்ல, அங்கு வந்துபோன ஊர் மக்களும்தான்.

சட்டமும் சும்மா விடாது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்த்து, 50,000 வரை அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடமுண்டு. காசு வாங்கி வேலை செய்கிற கடைக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது, ‘டாக்ஸை பிடிஎஃப் ஆக்கித் தருகிறோம்’ என்று கூவும் முகம் தெரியாத தளங்கள். இப்படிப்பட்ட இலவச மாற்றிகளின் பெயரில் தீநிரல்களைப் புகுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. நிலப்பத்திரமோ மருத்துவ அறிக்கையோ உள்ள கோப்பை அங்கே ஏற்றவே கூடாது. பழைய வேர்டில் டாக்ஸைத் திறக்க உதவிய ‘கம்பாட்டிபிலிட்டி பேக்’ என்ற இணைப்பை மைக்ரோசாஃப்ட் 2018-லேயே விலக்கிக்கொண்டது. இன்று அந்தப் பெயரில் வேறு தளங்களில் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

வாலில் எக்ஸுக்குப் பதில் ‘எம்’ இருந்தால், அதாவது ‘டாக்எம்’ என்றிருந்தால், அதில் மேக்ரோ என்ற கட்டளைத்தொகுப்பு இருக்கக்கூடும் என்று பொருள். 1999-இல் உலகைக் கலக்கிய மெலிசா வைரஸ் வேர்டு மேக்ரோவாகத்தான் பரவியது. ‘எனேபிள் கன்டென்ட்’ என்று கேட்டால், அனுப்பியவரிடம் பேசி உறுதி செய்யும் வரை அழுத்தக் கூடாது.

கேட்டுப் பெறும் உரிமை

ஒரு பொது அலுவலகம் தருகிற தகவல் திறக்க முடியாத வடிவத்தில் வந்தால் மக்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 2(ஜே) பிரிவு மின்னணு வடிவில் தகவல் பெறும் உரிமையைத் தருகிறது. கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தர வேண்டும் என்பது 7(9) பிரிவு சொல்லும் பொது விதி. அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறி இழுக்கும், ஆவணத்துக்குக் கேடு வரும் என்ற நிலையில்தான் விலக்கு. எனவே 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதும்போதே, ‘பிடிஎஃப் வடிவிலும், ஒருங்குறித் தமிழிலும் வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

வேறு மென்பொருளில் திறப்பது தப்பாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஒரு மென்பொருளோடு இன்னொன்று ஒத்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே விலக்கு தந்திருக்கிறது.

பழைய மடிக்கணினி விற்ற கடை, ‘ஒரிஜினல் வேர்டு’ என்று காசு வாங்கிக்கொண்டு திருட்டு நகலைப் போட்டுக் கொடுத்திருந்தால் அது நுகர்வோர் வழக்கு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை மதுரையில் இருந்தாலும் வீரசோழன்காரர் விருதுநகர் மாவட்ட ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கையில் பில் இருக்க வேண்டும் என்பதால், வாங்கும்போதே மென்பொருளின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்வது முக்கியம். இணைய மோசடியில் பணமே பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

கட்டற்ற மென்பொருள் தமிழ்நாட்டுக்குப் புதிய பேச்சல்ல. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006-07 காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப காலக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்பிக்கின்றன. மத்திய அரசும் 2010 நவம்பரில் மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை அறிவித்தது.

கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது, விண்ணப்பம் அனுப்புகிற மேசைக்கும் வர வேண்டும். படிப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப், நிரப்புவதற்கு என்றால் எல்லா மென்பொருளிலும் திறக்கும் எளிய அமைப்பு, எதுவானாலும் ஒருங்குறித் தமிழ். கல்லூரியும் ஊராட்சி அலுவலகமும் கூட்டுறவுச் சங்கமும் இந்த மூன்றைக் கடைப்பிடித்தால், ஒரு மாணவியின் விண்ணப்பம் கடைசி நாளில் தவறிப்போகாது. அதுவரை, கோப்பு திறக்காதவர் தயங்காமல் அனுப்பியவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ‘வேர்டு 97-2003’ என்றோ பிடிஎஃப் என்றோ தேர்ந்தெடுக்க அவருக்கு அரை நிமிடம் ஆகும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸின் நிறுவு கோப்பு ஏறத்தாழ 350 எம்.பி. அதைப் பிரதியெடுத்து மற்றவருக்குக் கொடுக்க அதன் உரிமமே அனுமதி தருகிறது. வீரசோழனில் ஒரு கடை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், நரிக்குடியிலும் திருச்சுழியிலும் உள்ள கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அதே பென் டிரைவ் போய்வரலாம்.