மனப் பரணைச் சுத்தம் செய்வோம்

கசார்வாடியில் இறங்க வேண்டிய நான், ஒரு மாலை லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் வரை போய்விட்டேன். தூங்கிவிடவில்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் அம்மாவுக்குக் கண்புரை, பூர்வீக வீட்டுக்குக் கட்டாத வரி, பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை, தொழிற்சாலையில் முடிக்காத கணக்கு என்று மாறி மாறி நினைத்ததில் ஸ்டேஷன் வந்து போனதே தெரியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் இரவு அம்மா போனில் பேசினாள். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டேன். பேசி முடித்ததும் என் மனைவி, "ஆபரேஷன் என்னிக்காம்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னது காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஏன் இப்படி? மனம் ஒரே சமயத்தில் ஏந்தக்கூடியது கொஞ்சம்தான். ஏறக்குறைய ஏழு விஷயங்கள் என்று 1956-ல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குதான் இருக்கும் என்று 2001-ல் நெல்சன் கோவன் வாதிட்டார். அந்த நான்கு இடத்தையும் கவலைகளே பிடித்துக்கொண்டால், பேசுகிறவருக்கு இடம் ஏது?

இதற்கு வழியும் உண்டு. முடியாத வேலை, மற்ற வேலையின் குறுக்கே வந்து தொந்தரவு செய்கிறது என்று 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்துவிட்டால், வேலை முடியாமலே தொந்தரவு குறைகிறதாம்!

பிம்பிரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஜப்பானியரின் 'ஃபைவ் எஸ்' முறை தெரிந்ததுதான். முதலில் வேண்டியது, வேண்டாதது என்று பிரிக்கிறோம். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுக்கிறோம். ஸ்பானருக்கு இடம் ஒதுக்கும் நாம், கவலைக்கு ஒதுக்குவதில்லை.

நான் ஒரு பழைய நோட்டை எடுத்தேன். மனத்தில் இருந்ததையெல்லாம் எழுதி மூன்றாகப் பிரித்தேன். நான் செய்ய வேண்டியவை: அவற்றின் எதிரே நாளும் முதல் படியும். பிறரிடம் ஒப்படைக்கக்கூடியவை: வீட்டு வரியை ஊரில் இருக்கும் தம்பி கட்டுவான், ஞாயிறன்று அவனிடம் பேச வேண்டும். என் கையில் இல்லாதவை: பரீட்சை எழுதப்போவது பையன், என் பங்கு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பதுதான்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம் 57 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், செய்யவேண்டிய வேலைகளை எழுதிவைத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள்.

நோட்டை மூடியபின் சற்று நேரம் மெதுவாக மூச்சு விடுங்கள். நம் லோக்கல் போய் நிற்கும் லோணாவளாவில்தான் சுவாமி குவலயானந்தர் 1924-ல் கைவல்யதாமத்தைத் தொடங்கி, பிராணாயாமத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்தார்.

எழுதியும் தீராமல் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

அன்றிரவே அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். "இப்பத்தானேடா சொன்னேன்!" என்று சிரித்தாள். தேதியைத் திரும்பவும் சொன்னாள். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரி அதுதான்.