வலைக்கும் ஒரு பரண் வேண்டும்

உழவருக்கு ஏர் எவ்வாறோ, அவ்வாறே மீனவருக்கு வலை. நெல்லைக் காக்கக் குதிரும் பத்தாயமும் கண்ட நாம், வலையை மட்டும் கொட்டகையின் மூலையில் குவியலாகப் போட்டு வைக்கிறோம். இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த கோட்டைக்குப்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்குள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ‘பாடு’ என்னும் தொன்றுதொட்ட ஒழுங்கின்படி மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். இறால் பிடிக்கும் சுத்துவலை இவ்வொழுங்குக்கு உட்பட்டது. ஒருவருடைய முறை வரும் நாளில் அவர் வலையை எலி கடித்திருக்குமாயின், அன்றைய வருவாய் போயிற்று. மீண்டும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, வலையைக் காப்பது வீட்டின் வரும்படியைக் காப்பதேயாகும்.

முற்காலத்துப் பருத்தி வலைகள் ஈரத்தில் அழுகின. அதனால் அவற்றை மரப்பட்டைத் துவரில் தோய்த்துப் பயன்படுத்தினர். இக்காலத்து நைலான் வலை அழுகுவதில்லை. ஆயினும் கடும் வெயிலில் வலுவிழக்கும், எலிப்பல்லுக்கும் இரையாகும். வலையில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், அருகிலுள்ள இரும்புப் பொருள்கள் விரைவில் துருப்பிடிக்கும். நிழல், காற்றோட்டம், எலி ஏறாத உயரம் ஆகிய மூன்றுமே வலைக்கு வேண்டுவன. எளிய பரண் ஒன்று இம்மூன்றையும் தரும்.

பரணின் நீளம் ஆறடி, அகலம் இரண்டரை அடி இருக்கட்டும். பக்கத்திற்கு மூன்றாக, ஏழடிச் சவுக்குக் கால்கள் ஆறு தேவை. மண் தரையாயின் கால்களை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, புதையும் பகுதிக்குத் தார் பூசவேண்டும். சிமெண்டுத் தரையாயின் கால்களைத் தேவையான உயரத்திற்கு வெட்டி, குறுக்குச் சட்டங்களைச் சாய்வாகப் பிணைத்தால் பரண் ஆடாது. தரையிலிருந்து மூன்றடியில் ஒரு தட்டும், ஐந்தடியில் மற்றொரு தட்டும் அமைக்கலாம். தட்டுக்குப் பலகை வேண்டா. இழைத்த பனஞ்சட்டங்களை ஓரங்குல இடைவெளி விட்டுப் பரப்பினால் காற்று அடியிலும் புகும். சிலாம்பும் ஆணித்தலையும் துருத்திக்கொண்டிருந்தால் வலைக்கண் அறுபடும். நைலான் கயிற்றால் இறுகக் கட்டுவது நன்று. ஆணி அடிக்க நேர்ந்தால் துத்தநாகம் பூசியதையே கொள்க.

சுவருக்கும் பரணுக்கும் இடையே ஓரடி விடுக. தென்னை மரத்தில் எலி ஏறாதிருக்கத் தகரம் சுற்றுகிறோம் அல்லவா? அதைப் போலவே, முதல் தட்டுக்குக் கீழே ஒவ்வொரு காலிலும் ஓரடி அகலத் தகரம் சுற்றவேண்டும். சாய்வுச் சட்டங்கள் தகரத்திற்கு மேலாகவே அமையட்டும். இல்லையேல் அவையே எலிக்கு ஏணியாகிவிடும்.

இனி, அடுக்கும் முறை. வலையை நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடித்து வைப்பது முதற்கடமை. ஈயக்குண்டு கோத்த கனமான வலைகள் கீழ்த்தட்டுக்கு உரியன. மிதவைகளும் இலேசான வலைகளும் மேல்தட்டுக்கு உரியன. நங்கூரத்தையும் ஊன்றுகழிகளையும் பரணின் அடியில் கிடத்தலாம். கிழிந்த வலையை நல்ல வலையோடு கலவாமல் தனியே வைத்தால், அடுத்துச் செப்பனிட வேண்டியது எது என்பது பார்த்த அளவில் விளங்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் முதலியவற்றை ஒருபோதும் அக்கொட்டகையில் வைக்கலாகாது. ஒரு தீப்பொறி பல குடும்பங்களின் முதலை அழித்துவிடும்.

ஊருக்குப் பொதுவான வலைக்கூடம் உள்ள இடங்களில் ஊராட்சி உறுப்பினர்கள் முன்வரவேண்டும். குடும்பத்துக்கு ஒரு தட்டு என எண்ணிட்டுப் பகிர்ந்தளித்தால் பூசலுக்கு இடமிராது. பாட்டிலே முறை வகுத்துக்கொண்ட ஊருக்குப் பரணிலே முறை வகுப்பது அரிதாகுமோ? ஆகஸ்டு 15 கிராம சபையில் இதனைப் பேசி முடிவெடுத்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்துவிடும்.

உள்நாட்டு உழவர்களும் விதை மூட்டைக்கும் சாக்குக்கும் இப்பரணையே அமைத்துக் கொள்ளலாம். நான்கு நாள் உழைப்பும் உள்ளூர் மரமுமே செலவு. பொருளைத் தேடுவதில் பாதி முயற்சி காட்டினாலும், தேடிய பொருளைக் காப்பதில் மறு பாதியைக் காட்டுவோமாக.