புதிய நுண்ணுயிரினம் என்று துணிவது எங்ஙனம்?

இதுகாறும் எவரும் கண்டிராத செடியொன்றைக் காட்டிலே கண்ட தாவரநூலார் அதன் இலை, பூ, காய் முதலியவற்றை உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்து, முன்னறிந்த செடிகளோடு ஒப்புநோக்கி, இது புதிது எனத் துணிகின்றனர். பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்களிடத்து இம்முறை செல்லாது. அவற்றிற்கு இலையுமில்லை, பூவுமில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியாக நோக்கின் அவை பெரும்பாலும் கோலாகவோ உருண்டையாகவோ சுருளாகவோ தோன்றுமேயன்றி, ஒரு கோலுக்கும் மற்றொரு கோலுக்கும் வேற்றுமை காண்பது அரிது. அங்ஙனமாயின், மண்ணிலும் நீரிலும் காற்றிலும் எடுத்த நுண்ணுயிரொன்றை இது புதிய இனம் என்று அறிஞர் எவ்வாறு கூறுகின்றனர்? இவ்வினாவிற்கு விடை காண, நம் நாட்டிலேயே நிகழ்ந்த வரலாறு ஒன்றை யாம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

2005ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள தேசிய பலூன் நிலையத்தினின்றும் 2 கோடியே 67 லட்சம் கன அடி கொள்ளளவுள்ள பெரும் பலூன் ஒன்று வானில் விடப்பட்டது. அது சுமந்து சென்ற கருவித்தொகுதியின் எடை 459 கிலோகிராம். அத்தொகுதியில், உள்ளிருந்த காற்று முழுதும் நீக்கப்பெற்றுக் கிருமியறச் சுத்தி செய்யப்பட்ட 16 எஃகுக் குழல்கள் இருந்தன. அவை திரவ நியானில் அமிழ்ந்திருந்தன. அதன் குளிர்ச்சி சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 246 பாகை சென்டிகிரேட். குழலின் வாய் திறந்தவுடன் உட்புகும் காற்று அக்குளிர்ச்சியால் உறைந்துவிடும். உறையவே, மேலும் காற்று உள்ளே ஈர்க்கப்படும். இவ்வாறு 20 முதல் 41 கிலோமீட்டர் வரையிலுள்ள வெவ்வேறு உயரங்களில் காற்று சேகரிக்கப்பட்டது. பின்னர்க் குழல்கள் பாரசூட்டின் துணையால் தரையிறங்கின.

இத்தகைய ஆராய்ச்சியில் அஞ்சத்தக்க பகை வானத்திலில்லை. ஆராய்வார் கையிலும் மூச்சிலும் உள்ளது. நம் தோலின்மேலும் அறையின் தூசியிலும் கணக்கற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று குழலினுள் நுழைந்துவிடின், அறையிற் பிறந்ததை வானிற் பிறந்ததென்று மயங்க நேரும். ஆதலின் காற்று புகாத குழல்களையும் உடன்வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் நிலையத்தாரும் புனாவிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் நிலையத்தாரும் ஒத்த முறைகளைக் கைக்கொண்டு தனித்தனியே ஆராய்ந்தமைக்கும் காரணம் இவ்வச்சமே.

சேகரித்த பொருளை ஊட்டக்கூழின்மேல் தடவிவைத்தால், ஒவ்வோர் உயிரும் பல்கிப் பெருகிக் கண்ணுக்குப் புலனாகும் புள்ளியாகும். அப்புள்ளியிற் சிறிதெடுத்து மீண்டும் மீண்டும் புதுக்கூழின்மேல் கீற்றினால், பிறவற்றோடு கலவாத தூய வளர்ப்புக் கிடைக்கும். இவ்வேலை நாட்கணக்காகும், பொறுமையற்றவர்க்கு உகந்ததன்று. இவ்வாராய்ச்சியில் 12 பாக்டீரியாக் கூட்டங்களும் 6 பூஞ்சணக் கூட்டங்களும் தோன்றின.

இனி, அவற்றை இனங்காணும் முறையை நோக்குவோம். எல்லா உயிரணுக்களிலும் புரதத்தை நெய்யும் ரைபோசோம் என்னும் நுண்ணிய உறுப்பு உண்டு. பாக்டீரியாக்களில் அதன் ஒரு பகுதியை ஆக்கும் மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்டது. இம்மரபணு மிக மெல்ல மாறும் இயல்பினது. நெடுங்காலம் கையால் எழுதிப் பெயர்த்து வந்த ஏட்டுச்சுவடியில் ஆங்காங்கு பாடபேதம் புகுவதைத் தமிழ் மாணவர் அறிவர். இரு பிரதிகளின் பேதங்களை எண்ணி, அவை எவ்வளவு நெருங்கிய உறவினவென்று பதிப்பாசிரியர் கூறுவதுபோல, இம்மரபணுவின் எழுத்துப் பிழைகளை எண்ணி உயிர்களின் உறவைக் கூறலாகும். அமெரிக்க அறிஞர் கார்ல் ஊஸ் இவ்வழியில் ஆராய்ந்து, பாக்டீரியா என்றே கருதப்பட்டிருந்த சில உயிர்கள் முற்றும் வேறான பெரும்பிரிவைச் சார்ந்தவை என்று 1977இல் வெளியிட்டார். இக்காலத்தில் நூற்றுக்கு 98.7க்கும் குறைவான ஒப்புமையிருப்பின் அது புதிய இனமாகலாம் என்பது பொதுவான கொள்கை.

ஐதராபாத் வளர்ப்புகளுள் ஒன்பது, பூமியில் முன்னறியப்பட்ட இனங்களோடு நூற்றுக்கு 98க்கு மேல் ஒத்திருந்தன. மூன்று பாக்டீரியாக்கள் மட்டும் புதியன என்று கருதப்பட்டன.

ஆயினும் ஒரு மரபணுவைக் கொண்டு முடிவு கூறுதல், ஒரு செய்யுளைக் கொண்டு நூல் முழுவதையும் அறுதியிடுவதை ஒக்கும். எழுத்துகள் மிகவும் ஒத்திருந்தும் இனம் வேறாதல் உண்டு. ஆதலின் மரபுப்பொருள் முழுவதையும் ஒப்பிடல் வேண்டும். இரண்டு உயிர்களின் டி.என்.ஏ. இழைகளைச் சூட்டினாற் பிரித்து, ஒன்றாகக் கலந்து ஆறவிட்டு, ஒன்றன் இழை மற்றொன்றன் இழையோடு எவ்வளவு இணைகின்றது என அளப்பது ஒரு முறை. நூற்றுக்கு 70 அல்லது அதற்கு மேலாயின் ஓரினம் என்பது 1987இல் அறிஞர் குழுவொன்று வகுத்த வரம்பு. இவற்றோடு உயிரணுவிலுள்ள கொழுப்பமிலங்கள், உண்ணும் சர்க்கரைகள், தாங்கும் உப்பு, வெப்பம் ஆகியனவும் ஆராயப்படும். அம்மூன்று பாக்டீரியாக்களும் தத்தம் நெருங்கிய உறவினங்களைவிடப் புறஊதாக் கதிரை மிகுதியாகத் தாங்கின என்பதும் அறியப்பட்டது.

இத்தனையும் ஆராய்ந்தபின் 2009இல் பெயர்கள் வெளியாயின. வானநூலார் பிரெட் ஹாயில் நினைவாக ஒன்று ஜானிபாக்டர் ஹாய்லி எனப்பட்டது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவின் பெயரால் மற்றொன்று பாசில்லஸ் இஸ்ரோனென்சிஸ் எனப்பட்டது. பழைய வானநூலாசிரியர் ஆரியபட்டரையும், 1975இல் அவர் பெயரோடு விண்ணிற் சென்ற நம் முதற் செயற்கைத் துணைக்கோளையும் நினைந்து மூன்றாவது பாசில்லஸ் ஆரியபட்டாயி எனப்பட்டது. இவை வேற்றுலகினின்று வந்தவையோ என்று அந்நாளிற் பலர் வியந்தனர். அங்ஙனம் இவ்வாராய்ச்சி முடிவாக நிறுவவில்லை என்று இஸ்ரோ நிறுவனத்தாரே கூறினர். அவ்வடக்கம் போற்றத்தக்கது. மூன்றும் பூமியில் வாழும் பேரினங்களிலேயே சேர்க்கப்பட்டமையை நோக்குக.

பெயரிடுதற்குப் பிறிதொரு கட்டளையும் உண்டு. செடிக்கு உலர்ந்த இலை சான்றாகும். பாக்டீரியாவிற்கோ உயிருள்ள வளர்ப்பே சான்று. அதனை வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேமநிலையங்களிலேனும் ஒப்புவித்து, வேண்டுவார்க்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். இதனால் ஒரு தொல்லையும் விளைகின்றது. மண்ணிலும் கடலிலும் உள்ளவற்றுள் மிகப் பல ஊட்டக்கூழில் வளர்வதேயில்லை. அவற்றின் மரபெழுத்துகளை மட்டும் படித்தறிகின்றோம். அத்தகையன நெடுங்காலம் பெயருக்கு உரிமை கோரும் வேட்பாளராகவே நின்றன. மரபெழுத்தையே சான்றாகக் கொள்ளும் தனிச்சட்டம் ஒன்று 2022இல் வெளியாயிற்று. அதனை எல்லோரும் உடன்பட்டாரல்லர். யாமும் உயிருள்ள சான்றின் பக்கமே சாய்கின்றோம். காரணம் அம்மூன்று பாக்டீரியாக்களின் பிற்கால வரலாறே.

2016இல் இஸ்ரோனென்சிஸ் என்பது பாசில்லஸ் பேரினத்தினின்றும் நீக்கப்பட்டுச் சோலிபாசில்லஸ் என்னும் பேரினத்திற் சேர்க்கப்பட்டது. ஆரியபட்டாயியின் வழக்கு இன்னும் சிக்கலானது. 1884இல் டி பாரி என்பார் விவரித்த மெகாதேரியம் என்னும் இனத்திற்கு அது மிக நெருங்கியது. மரபெழுத்து முழுவதையும் படிக்கும் வசதி வந்தபின், இவ்விரண்டும் ஓரினமே, பழைய பெயரே நிற்றற்குரியது என்று ஆராய்ச்சியாளர் சிலர் 2019இல் வாதித்தனர். அடுத்த ஆண்டே இவ்விரண்டும் பிரீஸ்டியா என்னும் புதுப்பேரினத்திற்கு மாற்றப்பட்டன. அதனால் பிரீஸ்டியா ஆரியபட்டாயி என்னும் பெயரும் வழங்கலாயிற்று. ஜானிபாக்டர் ஹாய்லி மட்டும் இட்ட பெயரோடே நிற்கின்றது.

முதல் ஆராய்ச்சியாளரை இதற்காகக் குறை கூறுதல் தகாது. தம் காலத்து அளவுகோல்களாற் செவ்வனே அளந்தனர். அளவுகோல் நுண்மையாகவே முடிவும் மாறியது. மாற்ற விரும்பினார் எவரும் மீண்டும் வானிற் பலூன் விடவேண்டியதில்லை. அவ்வளர்ப்புகள் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமநிலையத்திலும், ஜெர்மனி, ஜப்பான் முதலிய அயல்நாட்டு நிலையங்களிலும் பதிவெண்ணோடு காக்கப்பட்டு வருகின்றன.