ராக் மெஷின்: பெயர் மாறும் முன்

'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்'
முதல் ஆல்பம், 1988

பம்பாயில் 1984-இல் தொடங்கிய 'ராக் மெஷின்' குழுவின் முதல் ஆல்பம் இது. இந்திய ராக் குழுக்கள் பெரும்பாலும் மேல்நாட்டுப் பாடல்களையே மேடையில் வாசித்த காலத்தில், இவர்கள் சொந்தமாக ஆங்கிலப் பாடல்களை எழுதிப் பதிவு செய்தார்கள். ஆனால் ஒலி முழுக்க அன்றைய மேல்நாட்டு ஹார்ட் ராக்: உரத்த குரல், முறுக்கேறிய கிதார், ஓங்கி அடிக்கும் டிரம்ஸ்.

1993-இல் குழுவின் பெயர் 'இண்டஸ் கிரீட்' ஆனது. 1995-இல் அதே பெயரில் வந்த ஆல்பத்தில் இந்திய இசையின் சாயலும் சேர்ந்தது. 1997-இல் கலைந்த குழு, 2010-இல் மீண்டும் கூடி, 2012-இல் 'இவால்வ்' ஆல்பத்தை வெளியிட்டது. அதில் பாட்டின் கட்டமைப்பு இன்னும் சிக்கலானது. இந்த மூன்று ஆல்பங்களிலும் பாடியவர் உதய் பெனகல். கிதார் மகேஷ் தினைகர்.