‘சந்தை விலை’ என்றால் எவ்வளவு?

பெரிய கடலுணவு உணவகங்களின் மெனு அட்டையைப் புரட்டிப் பாருங்கள். சோற்றுக்கு விலை இருக்கும், கீரைக்கு விலை இருக்கும், தோஃபுவுக்கும் இருக்கும். நண்டு, சிங்கி இறால், தொட்டியில் நீந்தும் மீன் ஆகியவற்றுக்கு எதிரே மட்டும் ‘சந்தை விலை’ என்று போட்டிருப்பார்கள். அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு வாய் அடைத்துவிடுகிறது. விலை கேட்டால் பக்கத்து மேசைக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான் காரணம்.

இதைப் பற்றி வானொலியில் ஒருநாள் காலை பேசினேன். அழைப்புகள் ஓயவில்லை. பெண் வீட்டாரை முதன்முறையாக விருந்துக்கு அழைத்துச் சென்ற ஒரு தம்பி, பில்லைப் பார்த்ததும் கழிவறைக்குச் சென்று அண்ணனிடம் கைப்பேசியில் கடன் கேட்டதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த மாதம் முழுவதும் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனாராம்.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். சென்ற ஆண்டு அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தது. அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இருவர், சித்தி, நான் என எட்டுப் பேர் பெயர் பெற்ற ஓர் உணவகத்துக்குப் போனோம். வெள்ளை விரிப்பு, ஆற்றைப் பார்த்த மேசை. உட்கார்ந்ததும் நிலக்கடலை இரண்டு தட்டு வந்தது. ஈரத்துண்டு எட்டு வந்தது. தேநீர் வந்தது. எதையும் நாங்கள் கேட்கவில்லை.

மீனின் விலையைக் கேட்டேன். 100 கிராமுக்கு 14 வெள்ளி என்றார் பணியாளர். தொட்டியில் ஒரு களவா மீனைக் காட்டினோம். எடை போட்டபோது 1.1 கிலோ. சரி என்றோம்.

ஆவியில் வேகவைத்த மீன் மேசைக்கு வந்தது. அம்மா ஒரு வாய் எடுத்து வைத்ததும் நிறுத்திவிட்டார். “இது உயிரோட இருந்த மீன் இல்ல. சதை மாவா இருக்கு,” என்றார் மெதுவாக. நாற்பது ஆண்டுகளாகத் தேக்கா ஈரச்சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து மீன் வாங்கியவர் அவர். சற்றுமுன் வரை நீந்திய மீனின் சதை பூப்பூவாகப் பிரியும், ஆனால் குழையாது. அது அவருக்குத் தெரியும்.

“விடு, பிறந்தநாளும் அதுவுமா எதுக்கு?” என்றார் அப்பா.

நான் பணியாளரை அழைத்தேன். மேலாளர் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் பிள்ளைகள் பாதி மீனைச் சாப்பிட்டிருந்தார்கள். “பாதி சாப்பிட்டுவிட்டீர்களே” என்றார் அவர். தொட்டியில் காட்டிய மீன்தான் தட்டுக்கு வந்ததா என்று கேட்டேன். அதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை. மாம்பழப் புட்டிங் எட்டுக் கிண்ணம் இலவசமாக வந்தது. அம்மா அதற்குப் பிறகு வெறும் சோற்றில் சூப் ஊற்றிச் சாப்பிட்டார்.

எனக்கு வலித்தது பணம் அல்ல. மேசையில் இருந்தவர்களில் மீனைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அம்மா. அவருடைய பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பில்லாமல் போயிற்று.

இரண்டு கூட்டல் குறிகள்

பில்லில் கடலை, துண்டு, தேநீர் மூன்றுக்கும் சேர்த்து 28 வெள்ளி போட்டிருந்தார்கள். அத்துடன் முடியவில்லை. விலைக்குப் பின்னால் ‘++’ என்று இருந்தால், முதல் கூட்டல் குறி பெரும்பாலும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. அது 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி கணக்கிடப்படும். ஆகவே 100 வெள்ளி உணவு 119 வெள்ளி 90 காசாகிறது. நாங்கள் கேட்காமல் வந்த 28 வெள்ளி, 33 வெள்ளி 57 காசாயிற்று.

மற்ற கடைகள் வரியையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் இதில் விலக்கு உண்டு. சேவைக் கட்டணம் பணியாளர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டமும் இல்லை.

100 கிராம் என்ற சின்ன எழுத்து

2023 ஆகஸ்ட்டில் ஜப்பானியச் சுற்றுப்பயணி ஒருவர் இங்குள்ள உணவகம் ஒன்றில் போலிசை வரவழைத்தது நினைவிருக்கலாம். அலாஸ்கா ராஜ நண்டுக்கு வந்த தொகை 938 வெள்ளி. 100 கிராமுக்கு 26 வெள்ளி 80 காசு, நண்டின் எடை 3.5 கிலோ. கணக்கு சரியாகத்தான் இருந்தது. விலையை விளக்கினோம், நண்டையும் காட்டினோம் என்றது உணவகம். மொத்தம் எவ்வளவு வரும் என்று யாரும் சொல்லவில்லை என்றார் அவர்.

2009ல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் எட்டு புலி இறாலுக்கு அமெரிக்கச் சுற்றுப்பயணிகளிடம் 239 வெள்ளி வாங்கிய கடையைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் மூன்று மாதம் மூட வைத்தது. வெள்ளை விரிப்பு போட்ட இடத்திலும் சரி, பிளாஸ்டிக் நாற்காலி போட்ட இடத்திலும் சரி, பிரச்சினை ஒன்றுதான். சமைப்பதற்கு முன்பே மொத்த விலை வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும்.

உணவகங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இலங்கையிலிருந்து உயிரோடு விமானத்தில் வரும் நண்டின் விலை நாளுக்கு நாள் மாறும். வழியில் செத்துப்போகும் நண்டின் நட்டமும் அவர்களுடையதே. வாடகையும் ஆள் பற்றாக்குறையும் வேறு. விலை கூடுதலாக இருப்பதைப் புரிந்துகொள்ளலாம். விலையைச் சொல்லாமல் இருப்பதற்கு இவை எதுவும் காரணமாகாது.

இப்படியும் செய்கிறார்கள்

சில மாதங்களுக்குப் பிறகு சக ஊழியர்களோடு கிழக்குக் கடற்கரைப் பக்கம் வேறோர் உணவகத்துக்குப் போனேன். அங்கிருந்த நடுத்தர வயதுப் பெண் பணியாளர் நண்டை எங்கள் கண் முன்னே தராசில் வைத்தார். எடையையும் மொத்த விலையையும் துண்டுத்தாளில் எழுதினார். “வரியெல்லாம் சேர்த்து இவ்வளவு வரும், சரியா?” என்று கேட்ட பிறகே உள்ளே கொண்டுபோனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நண்டும் மலிவு இல்லை. ஆனால் பில் வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

குடும்பத்தோடு போகும்போது

உணவு கேட்கும்போதே, “எடை எவ்வளவு, எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?” என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்த மீனையோ நண்டையோ எடை எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடலையும் ஈரத்துண்டும் வேண்டாம் என்றால் வந்த உடனே திருப்பி அனுப்பலாம். தொட்ட பிறகு பணம் கட்டத்தான் வேண்டும்.

உணவில் குறை தெரிந்தால் முதல் வாயிலேயே சொல்லுங்கள். மேலாளர் வரும்வரை அந்தத் தட்டை யாரும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பில்லை வரி வரியாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பேசித் தீரவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ இருக்கிறது. அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டுபோகலாம். ஒரு மீனுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. ஆனால் அந்த வழி இருப்பதைத் தெரிந்துகொண்டு பேசும்போது குரலில் தயக்கம் இருக்காது.

இன்னொன்று. மேசையில் அம்மாவோ பாட்டியோ “மீன் சரியில்லை” என்றால், “விடுங்க” என்று அடக்காதீர்கள். அவர்கள் பார்த்து வாங்கிச் சமைத்த மீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எடை போட்டு, விலையை எழுதிக் காட்டும் உணவகம் உங்களுக்குத் தெரியுமா? அதை நாலு பேரிடம் சொல்லுங்கள். மோசமான அனுபவத்தை வாட்ஸ்அப்பில் பரப்ப நமக்குப் பத்து நிமிடம் போதும். நல்ல இடத்துக்கும் அதே பத்து நிமிடத்தைக் கொடுக்கலாமே.